கண்டங்கள் நகர்கின்றன என்றவரை உலகம் ஏன் நம்பவில்லை? - ஆல்ஃபிரட் வெகனரின் கதை

கைபேசியில் உலக வரைபடத்தைத் திறந்து, முழு உலகமும் திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தென் அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில் பிரேசில் தோள்பட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். எதிரே ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை, கினி வளைகுடா பக்கம் உள்வாங்கி இருக்கும். ரெண்டையும் இழுத்து ஒட்டினால் பொருந்திவிடும் போலிருக்கே என்று பள்ளியில் அட்லஸ் புரட்டிய பலருக்கும் தோன்றியிருக்கும்.

இது நேற்று இன்று கவனித்த விஷயம் இல்லை. 16-ம் நூற்றாண்டில் வரைபடம் வரைந்தவர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. இடையில் சிலர் இதைப் பற்றி எழுதியும் வைத்தார்கள். ஆனால் 18 ஆண்டுகள் விடாமல் ஆதாரம் சேர்த்து, மூன்று முறை புத்தகத்தைத் திருத்தி எழுதி, கேலியையும் தாங்கிக்கொண்டு நின்றவர் ஒருவர்தான். அவர் புவியியல் படித்தவரும் இல்லை. வானிலை ஆய்வாளர். பெயர் ஆல்ஃபிரட் வெகனர்.

இமயமலை ஏன் உயர்ந்து நிற்கிறது, ஜப்பானில் ஏன் அடிக்கடி நிலநடுக்கம் வருகிறது, ஐஸ்லாந்தில் ஏன் எரிமலைகள் என்ற கேள்விகளுக்கெல்லாம் இன்று ஒரே பதில்தான்: புவித்தட்டுகளின் நகர்வு. அந்தப் பதிலுக்கு முதல் கதவைத் திறந்தவர் வெகனர். ஆனால் கதவு முழுசாகத் திறந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

வானியலில் பட்டம், வானிலையில் வேலை

1880 நவம்பர் 1 அன்று பெர்லினில் பிறந்தார் வெகனர். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மதபோதகர், பழைய மொழிகளைக் கற்பித்த ஆசிரியர். வெகனர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் வானியல் படித்து 1905-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் தொலைநோக்கி முன்னால் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழிக்க அவருக்கு மனமில்லை. வெளியே போக வேண்டும், அளக்க வேண்டும். அதனால் அப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த வானிலையியல் பக்கம் வந்துவிட்டார்.

1906 ஏப்ரலில் அண்ணன் குர்ட்டுடன் பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கும் மேல் வானத்தில் இருந்தார். அன்றைக்கு அது உலக சாதனை. அதே ஆண்டு டென்மார்க் நாட்டின் ஆய்வுக்குழு ஒன்றில் சேர்ந்து கிரீன்லாந்துக்குப் போனார். உலகின் மிகப்பெரிய தீவு அது. பெரும்பகுதி பனிக்கு அடியில் கிடக்கிறது. ரெண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் பயணத்தில் குழுத் தலைவர் உட்பட மூன்று பேர் பனியில் இறந்துபோனார்கள். கிரீன்லாந்து எப்படிப்பட்ட இடம் என்று 28 வயதுக்குள்ளேயே வெகனருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் திரும்பத் திரும்ப அங்கேயே போனார்.

ஊர் திரும்பியதும் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். 30 வயதில் வளிமண்டலம் பற்றிய பாடநூல் ஒன்றையும் எழுதினார். வானிலைத் துறையில் நல்ல பெயர். அப்படியே போயிருந்தால் பிரச்சினையே இல்லை.

ஒரு அட்லஸ், ஒரு ஆய்வுக் கட்டுரை

1910 கிறிஸ்துமஸ் சமயத்தில், நண்பருக்கு வந்த புது அட்லஸைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வெகனரின் கண் அட்லான்டிக்கின் ரெண்டு கரைகளிலும் நின்றது. கரையோரக் கோடுகள் மட்டுமல்ல, கடலுக்குள் நீண்டிருக்கும் கண்டத்தின் ஓரங்களும் பொருந்துவதாக அவருக்குப் பட்டது. ஆனாலும் நடக்கிற காரியமா என்று ஒதுக்கி வைத்தார்.

அடுத்த ஆண்டு நூலகத்தில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே வகைப் பழங்கால உயிர்களின் புதைபடிவங்கள் கிடைப்பதாக அதில் இருந்தது. அவ்வளவுதான், வெகனருக்கு உறக்கம் போனது. 1912 ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் நடந்த கூட்டத்தில் தன் கருத்தை முதல்முறையாக முன்வைத்தார்: கண்டங்கள் எல்லாம் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தன, பிறகு உடைந்து விலகின.

அந்த ஆண்டே மறுபடி கிரீன்லாந்து. நான்கு பேர் சேர்ந்து பனித் தீவை அதன் அகலமான பகுதியில் குறுக்கே கடந்தார்கள். கடைசியில் உணவு தீர்ந்து, கூட வந்த நாயையும் கொன்று தின்ன வேண்டிய நிலை. தற்செயலாகப் படகில் வந்த பாதிரியார் ஒருவர் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள். திரும்பி வந்து 1913-ல் எல்சாவை மணந்தார். எல்சாவின் அப்பா விளாடிமிர் கோப்பன், இன்றும் புவியியல் பாடத்தில் வரும் காலநிலை வகைப்பாட்டை உருவாக்கியவர்.

1914-ல் முதல் உலகப்போர். வெகனர் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, ரெண்டு முறை குண்டடி பட்டார். உடம்பு தேறிவந்த காலத்தில் தன் கருத்தைப் புத்தகமாக எழுதினார். 1915-ல் வெளியானது. கண்டங்களும் பெருங்கடல்களும் தோன்றிய விதம் பற்றிய அந்தப் புத்தகம் 100 பக்கம்கூட இல்லை.

அவர் காட்டிய ஆதாரங்கள் என்ன?

வெகனரின் வாதத்தைப் புரிந்துகொள்ள, கிழித்துப்போட்ட செய்தித்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளின் ஓரங்கள் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரு துண்டில் பாதியில் நிற்கும் வரி, அடுத்த துண்டில் தொடர வேண்டும். அப்போதுதான் ரெண்டும் ஒரே தாள் என்று நம்பலாம். அவர் அந்த வரிகளைத்தான் தேடினார்.

• உயிர்கள்: மீசோசாரஸ் என்ற சிறிய ஊர்வன விலங்கின் புதைபடிவம் பிரேசில் பக்கத்திலும் தென்னாப்பிரிக்கப் பக்கத்திலும் மட்டுமே கிடைக்கிறது. அட்லான்டிக்கை நீந்திக் கடக்கும் உடம்பு அதற்கு இல்லை. குளோசாப்டெரிஸ் என்ற, நாக்கு வடிவ இலை கொண்ட தாவரம் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா என எல்லா இடங்களிலும் கிடைக்கிறது.

• மலைகள்: வட அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைத்தொடர் கடலோரத்தில் சட்டென்று முடிகிறது. அதே வயது, அதே அமைப்பு கொண்ட மலைகள் ஸ்காட்லாந்திலும் ஸ்காண்டினேவியாவிலும் தொடர்கின்றன.

• காலநிலை: இதுதான் வானிலை ஆய்வாளரின் பலமான சீட்டு. வெயில் கொளுத்தும் ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில், பனியாறுகள் உருட்டிக் கொண்டுவந்து போட்ட கற்படுகைகள் இருப்பதை 1850-களிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே அடையாளங்கள். இன்னொரு பக்கம், வடதுருவத்துக்கு அருகே உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நிலக்கரி. நிலக்கரி என்றால் ஒருகாலத்தில் அங்கே அடர்ந்த காடு இருந்தது என்று அர்த்தம்.

இந்தியாவில் பனி, துருவத்தில் காடா? எப்படிங்க இது? கண்டங்கள் எப்போதும் இதே இடத்தில்தான் இருந்தன என்றால் பதில் இல்லை. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா நான்கையும் தென்துருவத்தைச் சுற்றி ஒன்றாக நகர்த்தி வைத்தால், சிதறிக் கிடந்த பனி அடையாளங்கள் எல்லாம் ஒரே பனிப்பரப்பாகச் சேர்ந்துவிடுகின்றன. கண்டங்கள் எல்லாம் ஒன்றாக இருந்த பெருங்கண்டத்தைத்தான் இன்று பாஞ்சியா என்கிறோம்.

அப்போ லெமூரியா?

தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த லெமூரியாவும் இந்தக் கதைக்குள் வருகிறது. மடகாஸ்கரில் வாழும் லெமூர் வகை விலங்குகளின் உறவினங்கள் இந்தியாவில் இருப்பதை விளக்க, பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864-ல் வைத்த பெயர் அது. இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலம் இருந்திருக்கும், அது மூழ்கியிருக்கும் என்பது அவர் யூகம். குமரிக்கண்டத்தோடு இந்தப் பெயர் சேர்ந்தது பின்னால்தான்.

அந்தக் காலத்தில் இப்படி விளக்குவதுதான் வழக்கம். ஒரே விலங்கு கடலுக்கு ரெண்டு பக்கமும் இருந்தால், நடுவில் ஒரு நிலப்பாலம் இருந்தது, பிறகு மூழ்கிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். மலைகளுக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். பூமி சூடு ஆறச் ஆறச் சுருங்குகிறது, வாடிய ஆப்பிளின் தோல் சுருங்குவது மாதிரி மலைகள் புடைக்கின்றன என்பது அது.

வெகனர் ரெண்டையும் மறுத்தார். கண்டங்கள் கிரானைட் போன்ற எடை குறைந்த பாறைகளால் ஆனவை. கடலடித் தளமோ அடர்த்தியான பசால்ட் பாறை. தண்ணீரில் கட்டை மிதப்பதுபோல, கண்டங்கள் கீழே உள்ள அடர்த்தியான பொருளின் மேல் மிதக்கின்றன. மிதக்கும் கட்டை தானாக மூழ்காது. ஆனால் நகரலாம் இல்லையா? மூழ்கிய பாலங்களுக்குப் பதிலாக விலகிய கண்டங்கள் என்றார். இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருக்கியதால்தான் இமயமலை மடிந்து எழுந்தது என்றும் சொன்னார்.

எல்லாம் சரி, யார் தள்ளியது?

இங்கேதான் வெகனர் மாட்டிக்கொண்டார்.

கண்டம் என்பது சாதாரண எடையா? அதை நகர்த்தும் விசை எது? வெகனர் ரெண்டு பதில்களை முன்வைத்தார். ஒன்று, பூமி சுழல்வதால் கண்டங்கள் துருவத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கித் தள்ளப்படுகின்றன. இன்னொன்று, கடலில் ஓதத்தை உண்டாக்கும் சூரிய, நிலவு ஈர்ப்பு.

ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் என்ற பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த விசைகள் தேவையானதில் ஒரு துளிகூட இல்லை. கண்டத்தையே நகர்த்தும் அளவுக்கு ஓத விசை இருந்தால், அது பூமியின் சுழற்சியையே கொஞ்ச காலத்தில் நிறுத்தியிருக்கும். அதோடு, கண்டம் கடினமான கடல்தளத்தை உழுதுகொண்டு எப்படிப் போகும்? போகிற வழியில் நொறுங்கிவிடாதா? கேள்விகள் எல்லாமே நியாயமானவை.

இன்னொரு தவறும் நடந்தது. நகர்வை நேரடியாக அளந்தே காட்டிவிடலாம் என்று வெகனர் நம்பினார். கிரீன்லாந்தின் இருப்பிடத்தை 1823-லும் 1907-லும் அளந்த கணக்குகளை ஒப்பிட்டு, அது ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்வதாக எழுதினார். பழைய அளவீடுகளில் இருந்த பிழைதான் நகர்வாகத் தெரிந்தது என்பது பின்னால் புரிந்தது. உண்மையான வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். அந்தக் காலக் கருவிகளுக்கு அது எட்டவே எட்டாது.

எதிர்ப்பில் நியாயம் மட்டும்தான் இருந்ததா? இல்லை. நம்ம துறையில் வானிலைக்காரருக்கு என்ன வேலை என்ற எரிச்சலும் கலந்திருந்தது. புத்தகம் 1924-ல் ஆங்கிலத்தில் வந்த பிறகு விவாதம் சூடானது. 1926-ல் நியூயார்க்கில் அமெரிக்கப் பெட்ரோலியப் புவியியலாளர்கள் இதற்காகவே ஒரு கருத்தரங்கம் நடத்தினார்கள். பேசியவர்களில் பலரும் எதிர்த்தார்கள். இந்தக் கருத்தை ஏற்றால் எழுபது ஆண்டுப் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்ற கவலையும் அங்கே வெளிப்பட்டது.

ஆதரவு சுத்தமாக இல்லாமல் போகவில்லை. தென்னாப்பிரிக்கப் புவியியலாளர் அலெக்சாண்டர் டு டாய்ட், தென் அமெரிக்காவுக்கே நேரில் போய்ப் பாறைகளை ஒப்பிட்டு வெகனர் பக்கம் நின்றார். பிரிட்டனின் ஆர்தர் ஹோம்ஸ், பூமிக்குள் இருக்கும் வெப்பம் கவசப் பகுதியில் மெதுவான சுழற்சியை உண்டாக்கி, அதுவே கண்டங்களைச் சுமந்து செல்லலாம் என்று 1920-களின் இறுதியில் எழுதினார். வெகனருக்குத் தேவைப்பட்ட பதில் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் நிரூபிக்க அன்றைக்கு வழியில்லை.

வெகனருக்கு ஜெர்மனியில் முழுப் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. 1924-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகம்தான் அவரை அழைத்துக்கொண்டது.

ஐம்பதாவது பிறந்தநாள்

1930-ல் வெகனர் கடைசியாகக் கிரீன்லாந்துக்குப் போனார். இந்தமுறை அவரே தலைவர். பனிப்பரப்பின் நடுவே, மேற்குக் கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, ஓர் ஆய்வு நிலையம். குளிர்காலம் முழுக்க அங்கே தங்கி வானிலையைப் பதிவு செய்வதும், வெடிவைத்து அதிர்வலைகள் மூலம் பனியின் கனத்தை அளப்பதும் திட்டம்.

ஆரம்பமே சறுக்கல். கடல் உறைந்து கிடந்ததால் கரையேறவே ஒரு மாதத்துக்கும் மேல் தாமதம். நடு நிலையத்தில் இருந்த இருவருக்குப் போதுமான எரிபொருளும் பொருட்களும் போய்ச் சேரவில்லை. வராவிட்டால் அக்டோபர் 20 அன்று நடந்தே கிளம்பிவிடுவோம் என்று அவர்கள் தகவல் அனுப்பினார்கள். அந்தக் குளிரில் நடந்தால் சாவு நிச்சயம் என்பது வெகனருக்குத் தெரியும்.

செப்டம்பர் 21 அன்று, சக ஆய்வாளர் ஃபிரிட்ஸ் லோவே, 13 கிரீன்லாந்துக்காரர்களுடன் நாய்ச் சறுக்குவண்டிகளில் புறப்பட்டார். பனிப்புயல் விடவில்லை. வழியிலேயே 12 பேர் திரும்பிவிட்டார்கள். சுமையில் பெரும்பகுதியை ஆங்காங்கே இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. கடைசிவரை வந்தது வெகனர், லோவே, ராஸ்மஸ் வில்லும்சென் என்ற கிரீன்லாந்து இளைஞர் மூவர் மட்டுமே. 40 நாட்கள் கழித்து, அக்டோபர் 30 அன்று போய்ச் சேர்ந்தார்கள். லோவேயின் கால்விரல்கள் உறைந்துபோயிருந்தன. மயக்க மருந்து இல்லாமல், பேனாக்கத்தியால் அவற்றை வெட்டி எடுத்தார்கள்.

அங்கே போனால், நிலையத்தில் இருந்த இருவரும் கிளம்பவே இல்லை. பனியைக் குடைந்து குகை அமைத்து, இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். தொலைத்தொடர்புக் கருவி இல்லாததால் அந்த முடிவு வெகனருக்கு எட்டவில்லை. இருக்கும் உணவு ஐந்து பேருக்குக் குளிர்காலம் முழுக்கக் காணாது. லோவேயால் நடக்க முடியாது. எனவே நவம்பர் 1 அன்று, தன் ஐம்பதாவது பிறந்தநாளில், வெகனரும் வில்லும்செனும் கரையை நோக்கிக் கிளம்பினார்கள். கரைக்கு வந்து சேரவில்லை.

1931 மே மாதம், பாதி வழியில், பனியில் செங்குத்தாக நட்டிருந்த சறுக்குக் கட்டைகளைத் தேடுதல் குழு பார்த்தது. தோண்டியபோது, படுக்கை உறைகளில் வைத்துப் பொறுமையாகத் தைக்கப்பட்ட வெகனரின் உடல் கிடைத்தது. களைப்பில் இதயம் நின்றிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அவரை மரியாதையோடு புதைத்துவிட்டுத் தனியே நடந்த வில்லும்சென் கடைசிவரை கிடைக்கவில்லை. வெகனரின் உடலை அங்கேயே விட்டுவந்தார்கள்.

விடை கடலுக்கு அடியில் இருந்தது

வெகனரோடு கண்ட நகர்வுக் கருத்தும் ஏறக்குறைய புதைந்துபோனது. அதைத் தோண்டி எடுத்தவர்கள் கடலை ஆராய்ந்தவர்கள்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரி தார்ப், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவீடுகளை வைத்து அட்லான்டிக்கின் அடித்தளத்தை வரைந்தார். பெண் என்பதால் அவரை ஆய்வுக் கப்பலில் ஏற்றவில்லை. மேசையில் உட்கார்ந்து வரைந்தபோது, கடலின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் மலைத்தொடரும், அதன் உச்சியில் நீளமான பிளவும் தெரிந்தன. அவரோடு வேலை செய்த புரூஸ் ஹீசன்கூட முதலில் நம்பவில்லை. கண்ட நகர்வு மாதிரி இருந்ததுதான் காரணம்!

1962-ல் ஹாரி ஹெஸ் விளக்கினார்: அந்தப் பிளவின் வழியே பாறைக்குழம்பு மேலே வந்து உறைந்து புதிய கடல்தளமாகிறது, பழையது ரெண்டு பக்கமும் விலகுகிறது. 1963-ல் பிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் சாட்சி காட்டினார்கள். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாக மாறும். உறையும் பாறை அந்தந்தக் காலத்துத் திசையைப் பதிவு செய்துகொள்ளும். நடுக்கடல் பிளவின் ரெண்டு பக்கமும் அந்தப் பதிவுகள் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி வரிவரியாக ஒத்திருந்தன. 1960-களின் இறுதிக்குள் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றுவிட்டது.

ஜெஃப்ரீஸின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. கண்டம் கடல்தளத்தை உழுதுகொண்டு போகவில்லை. கண்டமும் கடல்தளமும் சேர்ந்ததுதான் ஒரு தட்டு. தட்டு மொத்தமாக நகர்கிறது. பூமிக்குள் இருக்கும் வெப்பமும், ஆறிக் கனத்த கடல்தளம் கீழே அமிழும்போது மீதித் தட்டை இழுப்பதும்தான் அந்த விசை.

தட்டுகள் நிலத்தை எப்படி வடிக்கின்றன?

• விலகும்போது: புதிய தரை பிறக்கிறது. நடுக்கடல் மலைத்தொடர் நீருக்கு மேலே தலைகாட்டும் இடம்தான் ஐஸ்லாந்து. கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு, கண்டமே பிளக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம்.

• மோதும்போது: கண்டமும் கண்டமும் மோதினால் ரெண்டுமே எளிதில் அமிழாது, மடிந்து மேலே எழும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கியதில் எழுந்தது இமயமலை. எவரெஸ்ட் உச்சியில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் இருப்பது அதனால்தான். கடல்தளம் கண்டத்துக்கு அடியில் அமிழ்ந்தால் ஆழமான அகழியும், ஆண்டிஸ் போன்ற எரிமலைத் தொடரும் உருவாகும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே இப்படி அமிழும் எல்லை ஒன்று சட்டென்று விடுபட்டதில் எழுந்த சுனாமிதான் நாகப்பட்டினம் வரை வந்தது.

• உரசும்போது: தரை பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. நிலநடுக்கம் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இந்த வகை.

வெகனர் சரியா, தவறா?

என்ன நடந்தது என்பதில் சரி. ஏன் நடந்தது என்பதில் தவறு. எவ்வளவு வேகம் என்பதிலும் தவறு. எதிர்த்தவர்கள் காரணத்தைக் கேட்டதில் பிழை இல்லை. காரணம் தெரியவில்லை என்பதற்காகக் கண்முன் இருந்த ஆதாரங்களையும் சேர்த்து ஒதுக்கியதுதான் பிழை. அதற்கு விலையாகப் புவியியல் துறை கிட்டத்தட்ட 40 ஆண்டுகளைக் கொடுத்தது.

வெகனர் அளக்க முயன்று தவறிய அந்த நகர்வை, இன்று செயற்கைக்கோள் கருவிகள் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கின்றன. கிரீன்லாந்து இருப்பது வட அமெரிக்கத் தட்டில். அது ஐரோப்பாவை விட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கிறது. பனிக்குள் எங்கோ ஆழத்தில் கிடக்கும் வெகனரும் அதோடு சேர்ந்து 1930-லிருந்து ஏறக்குறைய ரெண்டு மீட்டர் நகர்ந்திருப்பார்.